திருப்பிப் போட்ட பல்சக்கரம்

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றே மாடிப்படிக்குக் கீழே அதைப் பார்த்தேன். சாக்குப் போர்த்தி வைத்திருந்தார்கள். சாக்கின் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் மட்டும் தெரிந்தது. ஏதோ குழந்தை ஓட்டுகிற வண்டி என்று நினைத்து அத்தையிடம் கேட்டேன். அத்தை என்றால் என் மாமியார். "அது ஓடாதும்மா" என்று சொல்லிவிட்டுச் சாக்கை இழுத்து அந்தச் சக்கரத்தையும் மூடினார்.

அது என் மாமனாருடைய குட்டி பைக். ஒரு காலத்தில் கடைக்கு வந்து, கொஞ்ச நாளில் நின்றுபோன வகை. சக்கரம் சிறிசு, ஹேண்டில் மட்டும் மாட்டுக்கொம்பு மாதிரி உயரமாக இருக்கும். உட்கார்ந்து ஓட்டினால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். மாமனார் நல்ல உயரமாம். நாதஸ்வரத்தை உறையோடு முதுகில் மாட்டிக்கொண்டு சிதம்பரத்து வீதியில் அவர் அதில் போவதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை என்று சொல்வார்கள். நான் வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தில் மாட்டியிருக்கும் படம்தான். அந்தப் படத்தில் அவர் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஏன் அப்படி என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டால், அப்பாவுக்கு ஒரு ஆக்ஸிடன்ட் என்று முடித்துவிடுவார். முழுசாகச் சொன்னது அத்தைதான், அதுவும் ஒரே ஒரு தடவை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது.

"செயினுக்கு எண்ணெ வுட்டுக்கினு இருந்தாரு. வண்டிய ஸ்டாண்டுல போட்டு, இஞ்சின ஓட வுட்டு, கியரப் போட்டு, கையில துணியச் சுத்திப் புடிச்சிக்கினு. எல்லாரும் செய்யிறதுதான். துணிய இழுத்துச்சி, கூடவே விரலும் போயிடுச்சி. நான்தான் தேடி எடுத்தேன். செயின் கவர் உள்ள கெடந்துச்சி."

போனது மோதிர விரல், இரண்டு கணு. நாதஸ்வரத்தில் ஒரு துளையை மூட விரல் இல்லாவிட்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் வாசிப்பு கிடையாது. அதற்குப் பிறகு மாமனார் வேறு ஆட்களின் கோஷ்டியில் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டார். முன்னால் உட்கார்ந்து வாசித்தவர் பின்னால் உட்கார்ந்து தாளம் போடுவதைப் பார்க்க முடியாமல் தான் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டதாக அத்தை சொன்னார். வண்டியை விற்கவும் மாமனார் சம்மதிக்கவில்லை. விரலை வாங்கிய வண்டியை இன்னொருத்தர் தலையில் கட்டுவதா என்று கேட்டாராம்.

என் வீட்டுக்காரரும் நாதஸ்வரம்தான். முகூர்த்த மாதங்களில் வீட்டில் தங்க மாட்டார். மற்ற மாதங்களில் வீடு ஓடுவது என் தையல் மெஷினில். நான் பிளவுஸ் தைப்பவள். பிறந்த வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற வழியில். உப்புக் காற்றில் வளர்ந்தவளுக்கு இரும்பின்மேல் பெரிய மரியாதை இருக்காது. எதை வாங்கினாலும் துருப்பிடிக்கும் என்று தெரியும். என் கத்திரி ஒன்றைத்தான் நான் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன். துணி வெட்டுகிற கத்திரியில் ஒரு காகிதம்கூட வெட்டவிடமாட்டேன். பால் பாக்கெட்டை அதில் வெட்டிவிட்டார் என்று ஒருமுறை அவரோடு பகல் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வண்டி வெளியே வந்ததற்குக் காரணம் கைப்பேசி. பழைய வண்டிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் படம் போடுகிற ஒரு கூட்டம் இருக்கிறதே, அதில் அவரையும் யாரோ சேர்த்துவிட்டார்கள். இப்படி ஒரு வண்டி எங்கள் வீட்டில் இருக்கிறது என்று அவர் சொல்லிவைக்க, விடாதீங்க, கிடைக்காத பொருள் என்று எல்லோரும் ஏற்றிவிட்டார்கள். ஆனி மாதம் ஒருநாள் சாக்கை எடுத்தார். சாக்குக்குள்ளிருந்து கரப்பான் ஓடியது. அத்தை சமையலறை வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று குழம்பில் உப்பில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. உங்களுக்கு வேற வண்டியே கிடைக்கலையா என்று கேட்டேன். அப்பா ஆசையாக ஓட்டிய வண்டி என்றார். உங்கப்பா விரலைத் தின்ன வண்டி என்றேன். அவர் கோபப்படுகிற ஆள் கிடையாது. அதுதான் அவரிடம் எனக்கு எரிச்சல். சிரித்துக்கொண்டே தன் போக்கில் போவார்.

இஞ்சின் சீக்கிரமே உயிர் பெற்றுவிட்டது. கிளட்ச்சுக்குள்ளிருந்த தட்டுகள் தேய்ந்து கருகியிருந்தன, அவற்றை மாற்றினார். சிக்கல் எல்லாம் செயின் பக்கம்தான். இஞ்சினை ஒட்டி ஒரு சின்னப் பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுவது செயின். மூன்றும் சேர்ந்தே தேயும், மாற்றினால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இதை அவரேதான் எனக்கு விளக்கினார். செயினை வேறொரு வண்டியின் செயினிலிருந்து அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொண்டார். சின்னப் பல்சக்கரம் பண்ருட்டியில் ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டது. பெரியது எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் மெஷின் மேஜையில், தைக்க வைத்திருந்த பட்டுத்துணிக்குப் பக்கத்தில் வைத்தார். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டு எடுத்து அந்தப்பக்கம் வைக்கப்போனேன். அப்போதுதான் பார்த்தேன். பற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. ஒவ்வொரு பல்லும் ஒரு கொக்கி. விரலை வைத்தேன், நுனி குத்தியது. மாமனார் கை பட்டபோது இருந்த அதே பல்சக்கரம்தானா என்று கேட்டேன். அதேதான் என்றார்.

நாங்கள் என் அம்மாவைப் பார்க்கக் கடலூர் போனபோது அதையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் என் மடியில்தான் இருந்தது. கடலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரிடம் காட்டினார். புதுசாகக் கடைந்து தரலாம், ஆனால் ஆயுத பூஜை வேலை குவிந்து கிடக்கிறது, தீபாவளி கழித்து வாங்க என்றார் பட்டறைக்காரர். என் வீட்டுக்காரருக்கோ ஆயுத பூஜை அன்றைக்கே வண்டி ஓட வேண்டும். அப்படியானால் இதையே திருப்பிப் போட்டு ஓட்டுங்க, தேயாத பக்கம் செயினுக்கு வரும், கொஞ்ச நாளைக்குத் தாங்கும் என்று பட்டறைக்காரர் யோசனை சொன்னார். எல்லோரும் செய்வதுதானாம். மாமனாரின் விரல் போன கதையைச் சொன்னபோது அத்தையும் எல்லாரும் செய்யிறதுதான் என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். முன்பு கொக்கிகள் சக்கரம் சுற்றும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. இப்போது எல்லாம் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தன. செயின் அவற்றில் ஏறி உட்கார்ந்தது என்னமோ உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பல்லும் எதையோ பிடிக்க வருகிற மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டே சொன்னேன். தைக்கிற ஊசியே நிமிஷத்துக்கு எத்தனை தடவை உன் விரலுக்குப் பக்கத்தில் இறங்குகிறது, அதற்குப் பயப்படாதவள் இதற்குப் பயப்படுகிறாயே என்று கிண்டல் செய்தார்.

ஒன்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கக் கூடாது. கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். சரி சரி என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் துடைப்பதற்கென்றே வெட்டுத் துண்டுகளில் பருத்தியை மட்டும் பொறுக்கி ஒரு பையில் போட்டு, வண்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். பருத்தி எதிலாவது சிக்கினால் கிழிந்து விட்டுவிடும். பாலியஸ்டர் கிழியாது, பிடித்த கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். துணியைக் கையாள்பவளுக்கு இது தெரியும்.

ஆயுத பூஜை அன்று கூடத்தில் அவருடைய நாதஸ்வரம், என் மெஷின், கத்திரி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் அத்தை. வாசலில் நின்ற வண்டிக்கு வைக்க அவர் வரவில்லை. கை வலிக்கிறது, நீயே வச்சிடு என்றார். நான் ஹேண்டிலுக்குப் பூச்சரம் சுற்றி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினார். முன்சக்கரம் பழத்தை நசுக்கியது. பின்சக்கரம் பழத்தின்மேல் ஏறும்போது செயினில் டக் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பழம் நசுங்காமல் வழுக்கித் தெருவில் உருண்டு ஓடியது. வண்டி வெயிட்டே இல்லை, அதான் என்று சிரித்தார். அத்தை ஜன்னலில் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. பழம் கால்வாயில் விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டக் அதன் பிறகு எங்கள் வீட்டில் குடிவந்துவிட்டது. காலையில் அவர் பால் வாங்கப் போகும்போது ஒரு டக். தெரு முனையில் திரும்பும்போது ஒரு டக். கோயில் மணியைக்கூடக் கவனிக்காத எனக்கு அந்தச் சத்தம் எத்தனை வீடு தள்ளி வந்தாலும் கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பேன். புதுச் செயின் பழைய பல்லுக்கு இன்னும் பழகவில்லை, பழகிவிடும் என்று அவர் சொன்னார். அத்தை அந்த நேரங்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஐப்பசி பிறந்தது. மழையும் தீபாவளியும் சேர்ந்து வந்தன. எனக்குத் தலைக்குமேல் வேலை. வெட்டிய துணிகள் பெயர்ச்சீட்டு குத்தி மெஷினைச் சுற்றிக் குவிந்திருந்தன. அவருக்கோ முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. இரவெல்லாம் நனைந்ததில் செயின் ஒரே நாளில் செம்பட்டையாகத் துரு ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் பண்ருட்டியில் அவருக்கு ஒரு பெண்ணழைப்பு. வெளியே வானம் கறுத்திருந்தது. மழை வருவதற்குள் செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுகிறேன் என்று வாசலுக்குப் போனார்.

முதலில் இஞ்சின் சத்தம் கேட்டது. சூடு பண்ணுகிறார் என்று நினைத்தேன். பிறகு கியர் விழுகிற சத்தம். பிறகு டக், டக், டக் என்று நிற்காமல். ஒரு மடிப்பை அடித்து முடித்துவிட்டு எழலாம் என்று மெஷினில் பார்த்தால், பக்கத்தில் வைத்திருந்த அரக்கு நிற லைனிங் துண்டைக் காணோம். பாலியஸ்டர். ஆணியில் மாட்டிய பை நனைந்துவிட்டதால் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நான் வாசலுக்கு வந்தபோது அவர் குந்தி உட்கார்ந்து, துணியை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கீழே ஓடும் செயினைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. துணியின் ஒரு முனை தளர்ந்து தொங்கியது. அது பல்லை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. முதல் கொக்கி அதைப் பிடித்ததையும் பார்த்தேன். துணி விறைத்தது.

கத்தினேனா என்று நினைவில்லை. குனிந்து ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினேன். மறு கையால் துணியைப் பிடித்து இழுத்தேன். துணி அவர் கையைவிட்டு உருவிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் என் கையைச் சுற்றியது. இஞ்சின் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கிப்போனது.

முதலில் நான் கேட்டது, "உங்க கைக்கு ஒன்னும் இல்லியே?" அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வரும். என் விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் இருந்தது, நான் அவர் கையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

சக்கரத்தைப் பின்னால் சுற்றி என் கையை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் போய் ஆட்டோவைக் கூட்டிவந்தார். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவராக, செயின் கவருக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

அத்தை சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததை டாக்டர் பார்த்துவிட்டு, நசுங்கிப்போச்சும்மா, ஒட்டவைக்க முடியாது என்றார். இடது கை ஆள்காட்டி விரல், நகத்தோடு முதல் கணு. தையல்காரிக்கு அந்த விரல்தான் ஊசிக்கு வழிகாட்டுவது. வளைவில் துணியைத் திருப்புவது, கைக்குழியைச் சுருக்கமில்லாமல் பிடிப்பது எல்லாம் அதன் நுனிதான்.

அன்று சாயங்காலம் அவர் பண்ருட்டிக்குப் போனார். போகமாட்டேன் என்றுதான் சொன்னார். கல்யாண வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் ஆளுக்கு எங்கே போவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். "நல்ல வேளை, அவுரு கைக்கு ஒன்னும் ஆகல." அவருடைய கோஷ்டித் தவில்காரர் சொன்னார். என் அம்மா கடலூரிலிருந்து வந்து, அழுதுகொண்டே அதையேதான் சொன்னார். தீபாவளிக்குத் துணி கொடுத்திருந்த பெண்களும் வந்தார்கள். நல்ல வேளை என்று சொல்லிவிட்டு, போகும்போது குவியலில் தங்கள் பெயர்ச்சீட்டைத் தேடி, வெட்டிய துணியை எடுத்துக்கொண்டு போனார்கள். கோபித்துக்கொள்ள முடியுமா? பண்டிகை நிற்குமா? ஒருநாள் காலை பார்த்தால் மெஷினைச் சுற்றித் தரை தெரிந்தது. அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அத்தை மட்டும் நல்ல வேளை என்று சொல்லவில்லை. என் தலையை வாரிவிடும்போது, "இந்த வூட்டுல விரல்னா ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் இருக்குதுன்னு நெனைக்கிறாங்க" என்றார்.

வண்டி மீண்டும் படிக்குக் கீழே போனது. நான் நடுவிரலால் துணியைப் பிடிக்கப் பழகினேன். நேர்த்தையல் வந்துவிட்டது. வளைவு வருவதற்குள் வருஷம் திரும்பிவிட்டது. இப்போதும் பட்டுப் பிளவுஸ் யாரும் என்னை நம்பிக் கொடுப்பதில்லை. சுடிதார் டாப்பை அளவுக்குப் பிடிப்பதும் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதுமாகக் காலம் போகிறது. அவர் காலையில் சாதகம் செய்யும்போது ஒவ்வொரு விரலாக எழுந்து விழுவதைப் பார்ப்பேன். அவ்வளவு அழகாக இருக்கும். அது என் விரல் போட்ட பிச்சை என்று ஒரு நொடி தோன்றும். அப்படித் தோன்றுவதற்காக நான் வெட்கப்படவில்லை.

இந்த ஆவணியில் அவர் கடலூர் போய்விட்டு நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்துக் காட்டினார். புதுப் பல்சக்கரம். பட்டறைக்காரர் நினைவாகக் கடைந்து வைத்திருந்தாராம். பற்கள் நேராக, சமமாக, மினுமினுவென்று இருந்தன.

"தப்பு அந்தப் பல்லு மேலதான். திருப்பிப் போட்டிருக்கவே கூடாது. இனிமே பயம் இல்ல" என்றார். நிஜமாகவே அப்படி நம்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டி முடித்தார். நான் மெஷினில் ஒரு சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் பற்றிக்கொண்டது. கியர் விழுந்தது. டக் இல்லை. ஒரே சீராக, வழவழவென்று செயின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. அப்போது வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஒரு துண்டுத் துணி குடேன்."

நான் எழுந்தேன். துணிப்பையை எடுக்கவில்லை. கத்திரியை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி ஸ்டாண்டில் நின்றது. பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எண்ணெய் டப்பாவோடு குந்தி உட்கார்ந்து, துணிக்காகத் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார். வலது கை. ஐந்து விரலும் விரித்து நீட்டியிருந்தார். நான் டேங்குக்கு அடியில் இறங்கும் பெட்ரோல் டியூபைக் கத்திரிக்கு நடுவில் கொடுத்து வெட்டினேன்.

பெட்ரோல் என் கால்மேல் கொட்டியது. அவர் பதறிப்போய் டேங்கின் திருகை மூடினார். என்னைப் பார்த்தார். கத்திரியைப் பார்த்தார். பால் பாக்கெட் வெட்டியதற்குப் பேசாமல் இருந்தவள் நான் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் தீரும்வரை சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு இஞ்சின் இருமியது, நின்றது.

அத்தை படிக்குக் கீழேயிருந்து சாக்கை உதறி எடுத்துக்கொண்டு வந்தார். ரப்பர் வெட்டியதில் கத்திரியின் கூர் மழுங்கியிருந்தது. மறுநாள் அதைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன்.